வெட்டப்பட்ட விரல்கள்!

1916-ஆம் ஆண்டு. அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே, அலபாமா மாநிலத்திலே, மாண்ட்கோமரி நகரத்து ரயிலடி. பதினேழு வயது இளைஞன் ஒருவன் வண்டி ஏறுகிறான். வெளியூர்க் கல்லூரிக்குப் போகிறான். வழியனுப்ப வந்தவர்களிலே தலைமுறை தலைமுறையாய் நிற்கிறார்கள். தொண்ணூற்றொன்பது வயதுக் கொள்ளுப்பாட்டி நிற்கிறாள். அடிமையாய் இருந்த காலத்தில் ஒரே நாளில் 350 பவுண்டு பருத்தி பறித்தவள் என்று குடும்பத்தார் பேசிக் கொள்ளும் பாட்டி அவள். தாத்தா நிற்கிறார். வண்டி நகருகிறது. தாத்தா கையை உயர்த்தி ஆட்டுகிறார். அந்தக் கையிலே இரண்டு விரல்கள் இல்லை!

போர்க்களத்திலே போன விரல்களா? இல்லை. ஆலைச் சக்கரத்திலே அகப்பட்டு நசுங்கிய விரல்களா? அதுவும் இல்லை. அவர் அடிமையாய் இருந்தபோது எழுதக் கற்றுக்கொண்டார். அதுதான் குற்றம்! அந்தக் குற்றத்துக்குத் தண்டனையாக வெட்டி எறியப்பட்ட விரல்கள் அவை.

கட்டை விரலைக் காணிக்கையாகக் கேட்ட குருவின் கதையை நாம் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையிலே கேட்டாவது வாங்கினார்கள். அலபாமாவிலே கேட்கவும் இல்லை!

வண்டியிலே உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக் கொண்டே போன இளைஞன்தான் பெர்சி ஜூலியன். பின்னாளிலே இரசாயனத் துறையில் உலகம் வியக்கும் ஆராய்ச்சியாளன். மூட்டு வலியால் முடங்கியவர்களுக்கும், கண்ணொளி மங்கியவர்களுக்கும், தீப்பிடித்த கப்பலிலே சிக்கிய மாலுமிகளுக்கும் இவன் கைவேலை பயன்பட்டது. அவனுடைய கதையைத் தொழிலாளத் தோழர்கள் அறிந்திருக்க வேண்டும். ஏன் என்பதை இறுதியிலே சொல்கிறேன்.

பசியும் படிப்பும்

பெர்சி ஜூலியன் பிறந்தது 1899 ஏப்ரல் 11-ஆம் நாள். தந்தை ரயில்வே தபால் பிரிவிலே குமாஸ்தா. தாய் பள்ளி ஆசிரியை. குழந்தைகள் ஆறு பேர்; மூத்தவன் பெர்சி. எழுதியதற்காக விரலிழந்தவரின் பிள்ளையல்லவா தந்தை! ஆறு குழந்தைகளையும் கல்லூரிப் படிப்புப் படிக்க வைத்தே தீருவேன் என்று உறுதி பூண்டார். படிக்கவும் வைத்தார்.

ஆனால் மாண்ட்கோமரியிலே கறுப்பர் வீட்டுப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் அரசாங்க உயர்நிலைப் பள்ளி கிடையாது. கறுப்பருக்கென்று இருந்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலே கிடைத்ததைப் படித்துவிட்டு, இந்தியானா மாநிலத்தின் கிரீன்காசில் ஊரிலுள்ள டிபா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தான் இளைஞன். மற்ற மாணவர்கள் நான்காண்டு உயர்நிலைப் படிப்பை முடித்துவிட்டு வந்தவர்கள். இவனோ பகலிலே கல்லூரிப் பாடமும், அதனோடு சேர்த்து விட்டுப்போன உயர்நிலைப் பள்ளிப் பாடமும் படிக்க வேண்டியிருந்தது. இரண்டு சுமை, ஒரு முதுகு!

மாணவர் விடுதியிலே இவனுக்கு இடமில்லை. வெளியே ஓர் அறை கிடைத்தது. அங்கே தங்கலாம், ஆனால் சோறு கிடையாது என்றார்கள். ஊரிலே எந்தக் கடையும் கறுப்பனுக்கு இலை போடவில்லை. ஒன்றரை நாள் பட்டினி கிடந்த பிறகுதான் ஒருவேளை உணவு கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்தான். பிறகு வெள்ளை மாணவர்களின் சங்க விடுதி ஒன்றிலே பரிமாறும் வேலையும், அடுப்புக்கு நெருப்பு மூட்டும் வேலையும் கிடைத்தது. மேல்மாடிப் பரணிலே படுக்கை. கீழே மற்றவர்கள் உண்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு, மேலே ஏறி விளக்கைத் தூண்டிப் படித்தான்.

1920-ஆம் ஆண்டு பட்டமளிப்பு விழா. வகுப்பிலே முதல் மாணவன் யார்? பரணிலே படுத்தவன்! தட்டு கழுவியவன்! பெர்சி ஜூலியன்!

கதவுகள்

முதல் மாணவன் ஆயிற்றே, மேற்படிப்புக்கு அழைப்புகள் வந்து குவிந்திருக்கும் என்று நினைப்போம். கூடப் படித்தவர்களுக்கு வந்தன. இவனுக்கு வரவில்லை. இரசாயனப் பேராசிரியர் பிளான்சர்ட் நல்ல மனிதர். அவர் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு எழுதிக் கேட்டார். வந்த பதில்களை வருத்தத்தோடு மாணவனிடம் காட்டினார். பையன் கெட்டிக்காரன்தான், ஆனால் படித்து முடித்தபின் வேலை கொடுப்பவர் யார்? ஆசையை வளர்க்காதீர்கள் என்ற பொருளிலே இருந்தன அந்தப் பதில்கள். தோழர்களே, இந்தத் தர்க்கத்தைக் கவனியுங்கள்! வேலை தர மாட்டோம், ஆகவே படிப்புத் தர மாட்டோம். படிப்பில்லை, ஆகவே வேலை தர முடியாது. செக்குமாடு போலச் சுற்றி வரும் நியாயம்!

நாஷ்வில் நகரிலே கறுப்பர் கல்வி நிலையமான பிஸ்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார் ஜூலியன். 1922-இல் புகழ்மிக்க ஹார்வர்ட் பல்கலைக்கழகத்திலே உதவிச் சம்பளம் கிடைத்தது. 1923-இல் எம்.ஏ. பட்டமும் கிடைத்தது. அதற்கு மேலே டாக்டர் பட்டம் வரை போக வேண்டுமானால், மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் துணை ஆசிரியர் வேலை வேண்டும். கறுப்பர் பாடம் சொன்னால் வெள்ளை மாணவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று சொல்லி அந்த வேலை மறுக்கப்பட்டது. முகம் சுளிப்பார்களாம்! சுளித்துவிடுவார்களோ என்ற அச்சத்துக்காக ஓர் அறிஞனின் ஆண்டுகள் அழிக்கப்பட்டன.

1929-இல் வேறொரு உதவிச் சம்பளம் கிடைத்து, கடல் கடந்து ஐரோப்பாவுக்குப் போனார். வியன்னா பல்கலைக்கழகத்திலே எர்ன்ஸ்ட் ஷ்பேத் என்ற பேராசிரியர். செடிகொடிகளிலே மறைந்திருக்கும் மருந்துச் சரக்குகளின் உள்ளமைப்பை ஆராய்வதிலே அவர் கைதேர்ந்தவர். அவரிடம் பயின்று 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார் ஜூலியன். வியன்னாவிலே வீடுகளிலே விருந்துக்கு அழைத்தார்கள். இசை அரங்குகளிலே பக்கத்து நாற்காலியிலே உட்கார்ந்தார்கள். மனிதனை மனிதனாக நடத்தினால் எப்படியிருக்கும் என்பதை முப்பது வயதுக்கு மேலே, அயல்நாட்டிலே, முதன்முறையாக அவர் அறிந்தார்.

கொத்தனார் வேலை போன்ற வேலை

அவர் செய்த வேலை என்ன? பெரிய பெரிய சொற்களைக் கண்டு மலைக்க வேண்டாம்.

ஒரு கொத்தனார் பழைய மாளிகை ஒன்றைப் பார்க்கிறார். அதன் தூண் எங்கே, வளைவு எங்கே, எந்தச் செங்கல்லுக்கு மேல் எந்தச் செங்கல் என்று கணக்கெடுக்கிறார். பிறகு வேறிடத்திலே, தம்முடைய செங்கல்லைக் கொண்டு, அதே மாளிகையை அணுவளவும் மாறாமல் கட்டிக் காட்டுகிறார். இயற்கை கட்டிய மாளிகை, ஒரு விதையிலோ வேரிலோ இருக்கும் மருந்துப் பொருள். செங்கல் என்பவை அணுக்கள், பெரும்பாலும் கரியணுக்கள். அதே பொருளை ஆய்வுக்கூடத்திலே எளிய சரக்குகளிலிருந்து படிப்படியாகக் கட்டி எழுப்புவதற்குத்தான் கரிம இரசாயனத்திலே தொகுப்பு முறை என்று பெயர். கொத்தனாருக்குக் கண் தெரியும், கை தெரியும். இரசாயனக்காரனுக்கோ தான் அடுக்கும் செங்கல் கண்ணுக்கே தெரியாது! இருட்டறையிலே கைத்தடவலாக மாளிகை கட்டுவது போன்ற வேலை அது.

மேற்கு ஆப்பிரிக்காவிலே காலபார் என்ற இடத்துக் கொட்டை ஒன்று உண்டு. கொடிய நஞ்சு. குற்றவாளியா இல்லையா என்று கண்டுபிடிக்க, சந்தேகப்பட்டவருக்கு அதைத் தின்னக் கொடுப்பது பழைய வழக்கம். வாந்தியெடுத்துப் பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி! அந்த நஞ்சிலே ஒரு நன்மையும் இருந்தது. அதிலுள்ள பைசோஸ்டிக்மின் என்ற சரக்கு, கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறிப் பார்வையைப் பறிக்கும் நோய்க்கு 1870-களிலிருந்தே மருந்தாகப் பயன்பட்டு வந்தது. அதைச் செயற்கையாய்ச் செய்ய ஒருவராலும் முடியவில்லை.

1932-இல் பழைய டிபா பல்கலைக்கழகத்துக்கே ஆராய்ச்சியாளராகத் திரும்பினார் ஜூலியன். பேராசிரியர் பிளான்சர்ட்தான் இடம் தேடிக் கொடுத்தார். வியன்னாவிலே உடன் படித்த ஜோசப் பிக்ல் என்ற வெள்ளைக்கார நண்பர் துணைக்கு வந்தார். கல்லூரி மாணவர்கள் உதவி செய்தார்கள். சிற்றூர்க் கல்லூரி, சிறிய ஆய்வுக்கூடம், குறைந்த பணம்.

எதிரே போட்டிக்கு நின்றவர் யார்? இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ராபர்ட் ராபின்சன்! பிற்காலத்திலே, 1947-இல், நோபல் பரிசு பெற்ற பெருமகன். அவருடைய குழுவினர் இதே பொருளைக் குறிவைத்துக் கட்டுரை மேல் கட்டுரையாக வெளியிட்டுக் கொண்டிருந்தார்கள். இறுதிப் பொருளுக்கு முந்திய படியாகிய எசரெத்தோல் என்ற பொருளைச் செய்துவிட்டதாக ராபின்சன் அறிவித்தார். ஜூலியனும் அதே பெயருடைய பொருளைச் செய்து வைத்திருந்தார். ஆனால் இரண்டின் குணமும் ஒன்றாயில்லை! ஒரே பொருளானால் ஒரே சூட்டிலேதான் உருக வேண்டும். பொன்னென்றால் உரைகல்லில் ஒரே நிறம் காட்ட வேண்டும் அல்லவா? ஆக ஒருவர் தவறு. யார் தவறு?

உலகம் மதிக்கும் ஆக்ஸ்போர்டு மேதை ஒருபுறம். தனக்கென்று நிலையான வேலைகூட இல்லாத கறுப்பர் ஒருபுறம். ஜூலியன் பணிந்து போகவில்லை, பதறவும் இல்லை. தம் பொருளை இயற்கைச் சரக்கோடு ஒப்பிட்டுச் சோதித்தார். ராபின்சன் செய்தது எசரெத்தோல் அன்று என்று அச்சிலேயே எழுதினார். 1935-இல் பைசோஸ்டிக்மினின் முழுத் தொகுப்பு வெளிவந்தது. ஜூலியன் சொன்னதே சரி! உருகுநிலைக்கு நிறம் தெரியாது, தோழர்களே! வெப்பமானி யாருடைய தோலையும் பார்த்து ஏறுவதில்லை!

வெற்றிக்குப் பின்னும்

இந்த வெற்றிக்குப் பிறகாவது பேராசிரியர் நாற்காலி கிடைத்ததா? பிளான்சர்ட் வாதாடியும், படித்த கல்லூரியே தர மறுத்தது. இனம்தான் காரணம். டூபாண்ட் என்ற மாபெரும் இரசாயனக் கம்பெனி வேலை விஷயமாக அழைத்தது. கூட உழைத்த பிக்லுக்கு வேலை கொடுத்தது. ஜூலியனைப் பார்த்து, நீங்கள் கறுப்பர் என்று எங்களுக்குத் தெரியாதே என்றது! விஸ்கான்சின் மாநிலத்து ஆப்பிள்டன் நகரிலே காகித ஆராய்ச்சி நிலையம் அவரை வேலைக்கு எடுக்க விரும்பியது. அங்கேயோ வேறொரு தடை: அந்த ஊரிலே கறுப்பர் இரவு தங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு! பகலிலே ஆராய்ச்சி செய்யலாம். பொழுது சாய்ந்தால் ஊரை விட்டு ஓட வேண்டும்!

அந்தச் செய்தியைக் கேள்விப்பட்ட கிளிடன் கம்பெனியின் துணைத் தலைவர் ஒருவர், நமக்கு இவர் வேண்டும் என்று முடிவு செய்தார். 1936-இல் சிக்காகோவிலே, சோயா மொச்சைப் பொருள்களை ஆராயும் பகுதிக்கு டைரக்டராக ஜூலியன் அமர்ந்தார். அந்த நாளிலே அமெரிக்கத் தொழிற்சாலை ஒன்றின் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கறுப்பர் தலைமை தாங்குவது புதுமையிலும் புதுமை.

சோயாவிலிருந்து புரதத்தைப் பிரித்துக் காகிதத்துக்குப் பூச்சாக்கினார். அந்தப் புரதத்தைக் கொண்டு தீயணைக்கும் நுரை ஒன்று செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரிலே கப்பல்களிலே எண்ணெய் பற்றி எரிந்தபோது, தண்ணீரால் அணைக்க முடியாத தீயை அந்த நுரை மூடி அணைத்தது. அமெரிக்கக் கடற்படை மாலுமிகள் அதற்கு வைத்த செல்லப் பெயர் 'மொச்சைச் சாறு'. காப்பாற்றப்பட்ட மாலுமிகளிலே எத்தனை பேர் கறுப்பரோடு ஒரே மேசையிலே சாப்பிட மறுத்தவர்களோ! நுரை அதைக் கேட்கவில்லை.

தொட்டியிலே விழுந்த தண்ணீர்

1940-இல் ஒரு நாள். தொழிற்சாலையிலிருந்து பதற்றமான செய்தி. ஒரு லட்சம் காலன் சோயா எண்ணெய்த் தொட்டியிலே தண்ணீர் கசிந்துவிட்டது. அடியிலே வெள்ளையாய் ஏதோ படிந்து எண்ணெய் கெட்டுவிட்டது! மற்றவர்கள் கண்ணுக்கு அது நஷ்டம். ஜூலியன் கண்ணுக்கோ அது பழைய நண்பன்! காலபார் கொட்டையின் எண்ணெயிலே வெள்ளைப் படிகமாக அவர் முன்பே பார்த்திருந்த ஸ்டிக்மாஸ்டெரால் அது.

அதிலே என்ன சிறப்பு? நம் உடம்பிலே சுரக்கும் ஹார்மோன்கள் சிலவற்றின் அடிப்படைச் சட்டகமும் இந்தச் செடிப் பொருளின் சட்டகமும் ஒன்றே. நான்கு வளையங்கள் கோத்த சட்டகம். சட்டகம் ஆயத்தமாக இருந்தால், அறை மாற்றிக் கட்டுவது எளிதல்லவா? எண்ணெயிலே சுட்ட சுண்ணாம்பைச் சேர்த்து நுரைத்த பிண்டமாக்கி, அதற்குள் கரைப்பான் புகுந்து ஸ்டெராலை இழுத்து வருமாறு வழி செய்தார். பெண்களின் கருவைக் காக்கும் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனை அதிலிருந்து பெருமளவிலே செய்தார். அதுவரை விலங்குகளின் உறுப்புகளிலிருந்து துளித்துளியாகப் பிரிக்கப்பட்ட பொருள் அது. முதன்முதல் செய்த ஒரு பவுண்டின் மதிப்பு 60,000 டாலருக்கு மேல்! துப்பாக்கிக் காவலோடு, வாங்கிய மருந்துக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். மாட்டுக்குத் தீவனமாகும் மொச்சையிலிருந்து பொன்னை விஞ்சிய மருந்து!

மூட்டு வலியும் பூஞ்சணமும்

1949-இல் மற்றொரு செய்தி உலகைக் குலுக்கியது. மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த ஹென்ச், கெண்டால் என்ற இருவரும், மூட்டுவாதத்தால் கை கால் முடங்கிக் கிடந்தவர்களுக்குக் கார்ட்டிசோன் என்ற பொருளைக் கொடுத்தார்கள். படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். நோய் வேரோடு போகவில்லை. ஆனால் வலி போயிற்று, வீக்கம் வடிந்தது. மூட்டுவாதம் யாருக்கு வந்தாலும் துன்பம்தான். பணக்காரன் வீட்டிலே அது வேதனை; கை உழைத்தால்தான் கஞ்சி என்றிருப்பவன் வீட்டிலே அது பட்டினி!

ஆனால் மருந்து எங்கிருந்து வந்தது? மாட்டின் பித்தநீரிலிருந்து, முப்பதுக்கு மேற்பட்ட படிகளிலே செய்ய வேண்டியிருந்தது. தொடக்கத்திலே கிராம் ஒன்றுக்குச் சுமார் 200 டாலர்! எந்தத் தொழிலாளி வாங்குவான்?

அதே 1949-இல் ஜூலியன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். ஸ்விட்சர்லாந்தின் ரைக்ஸ்டைன் அட்ரீனல் சுரப்பியிலே கண்டெடுத்து 'எஸ் பொருள்' என்று பெயரிட்டிருந்ததை, மலிவான சரக்கிலிருந்து செய்யும் முறை அது. அந்த எஸ் பொருளோடு ஓர் ஆக்சிஜன் அணுவைச் சரியான இடத்திலே சேர்த்தால் ஹைட்ரோகார்ட்டிசோன். ஒரே ஓர் அணு! ஆனால் அந்த ஓர் அணுவைப் பதினொன்றாம் எண் கரியணுவின்மேல் வைப்பதுதான் பெரும்பாடு. சுற்றிலும் வேறு அணுக்கள் வேலி போட்டு நிற்கின்றன. இரசாயனக்காரனின் கரண்டி உள்ளே நுழையவில்லை.

உள்ளே நுழைந்தது எது தெரியுமா? பூஞ்சணம்! பழைய ரொட்டியிலே பூக்கிறதே, அந்த வகைப் பூஞ்சணம். 1952-இல் அப்ஜான் கம்பெனியின் பீட்டர்சன், மரே இருவரும், புரோஜெஸ்டிரானைப் பூஞ்சணத்தோடு ஊற வைத்தால் அதே இடத்திலே ஆக்சிஜன் ஏறுகிறது என்று காட்டினார்கள். பிறகு வேறு பூஞ்சணங்கள் எஸ் பொருளை ஹைட்ரோகார்ட்டிசோனாக மாற்றின. பூஞ்சணத்தின் உடம்பிலுள்ள நொதி இங்கே வினையூக்கி. தான் செலவாகாமல், தான் மாறாமல், மற்றவற்றைச் சேர்த்து வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவதுதான் வினையூக்கி. பாலைத் தயிராக்க உறை ஊற்றும் தாய்மார்களுக்கு நுண்ணுயிரிடம் வேலை வாங்கும் இந்தக் கலை புதியதன்று.

ஆகவே மூட்டுவாத மருந்தை ஜூலியன் ஒருவரே கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை. மேயோவின் மருத்துவர்கள் உண்டு. ஸ்விட்சர்லாந்து அறிஞர் உண்டு. பித்தநீரிலிருந்து முதலில் செய்து காட்டிய மெர்க் கம்பெனி இரசாயனக்காரர்கள் உண்டு. மெக்சிகோ நாட்டுக் காட்டுக் கிழங்கிலிருந்து ஹார்மோன் எடுத்த மார்க்கர் உண்டு. பூஞ்சணத்தைப் பிடித்தவர்கள் உண்டு. பல கைகள் கூடி இழுத்த தேர் அது. அந்தக் கைகளிலே முன் வரிசைக் கை, விரல் வெட்டப்பட்டவரின் பேரனுடைய கை. இன்று எந்த மருந்துக் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறதே ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, அந்தக் குழாயிலே அவருடைய உழைப்பும் ஒரு துளி இருக்கிறது.

வீட்டுக்கு வைத்த வெடி

1950-ஆம் ஆண்டு சிக்காகோவின் செய்தித்தாள் ஒன்று அவரை அந்த ஆண்டின் சிறந்த நகரத்தார் என்று தேர்ந்தெடுத்துப் பாராட்டியது. அதே ஆண்டு அவர் பக்கத்திலுள்ள ஓக் பார்க் என்ற ஊரிலே ஒரு வீடு வாங்கினார். வெள்ளையர் வாழும் வசதியான பகுதி. தண்ணீர் இணைப்புத் தர மறுத்தார் அதிகாரி. நீதிமன்றம் போவேன் என்று சொன்ன பிறகே குழாயிலே தண்ணீர் வந்தது. குடிபுகுவதற்கு முன்பே, நவம்பரில் நன்றி தெரிவிக்கும் திருநாளன்று, வீட்டுக்குத் தீ வைக்க முயன்றார்கள். 1951 ஜூனிலே வெடிகுண்டு வீசினார்கள். பெற்றோர் ஊரில் இல்லை. ஜூலியனின் தந்தை இறந்து, இறுதிச் சடங்குக்குப் போயிருந்தார்கள். வீட்டிலே குழந்தைகள் இருந்தபோது வெடித்தது! உயிருக்குச் சேதமில்லை.

தீயணைக்கும் நுரைக்கு வழி செய்தவன் வீட்டிலே தீ! பிறர் குழந்தையைக் கருவிலே காக்கும் மருந்து செய்தவன் குழந்தைகளுக்கு வெடி!

ஜூலியன் ஊரை விட்டுப் போகவில்லை. இரவிலே துப்பாக்கியோடு மரத்தடியிலே காவலிருந்தார். பக்கத்திலே சிறு பிள்ளையாகிய மகனும் உட்கார்ந்திருந்தான். அந்த மகன் பின்னாளிலே உரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் ஆனான். துணைவியார் அன்னாவோ, 1937-இலேயே சமூக இயலிலே டாக்டர் பட்டம் பெற்ற கறுப்பர் குலப் பெண்மணி. அதே 1951-ஆம் ஆண்டிலே சிக்காகோவின் பெருந்தனக்காரர் சங்கம் ஒன்றிலே விஞ்ஞானிகள் கூட்டம் நடந்தது. அழைப்பு உண்டு, ஆனால் உள்ளே விடவில்லை!

தன் காலில் நின்றபோது

1953-இல் கிளிடனை விட்டு வெளியேறி, சொந்தமாக ஜூலியன் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். வேறிடத்திலே வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட கறுப்பர் குல இரசாயனப் பட்டதாரிகள் பலருக்கு அங்கே வேலை கிடைத்தது. வெள்ளையரும் உடன் வேலை செய்தார்கள். ஒரு சரக்கின் விளைச்சலை அவருடைய ஆட்கள் நான்கு மடங்காக்கிக் காட்டியபோது, இலாபத்தைப் பெட்டியிலே பூட்டாமல், கிலோ 4,000 டாலராக இருந்த விலையை 400 டாலராகக் குறைத்தார். 1961-இல் அந்தத் தொழிலைச் சுமார் இருபத்துமூன்று லட்சம் டாலருக்கு விற்றார். செல்வர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் செல்வம் சம்பாதித்த வழியிலே மருந்து மலிந்தது, பூட்டிய கதவு சில திறந்தது.

1973-இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. கறுப்பர் குல இரசாயனக்காரரிலே அவரே முதல்வர். பைசோஸ்டிக்மின் வெற்றிக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து! இரண்டே ஆண்டுகளில், 1975 ஏப்ரல் 19-ஆம் நாள், எழுபத்தாறாம் வயதிலே மறைந்தார். 1993-இல் அமெரிக்க அரசு அவர் படம் போட்ட தபால் தலை வெளியிட்டது. தபால் குமாஸ்தாவின் மகன் தபால் தலையிலே!

நாம் கேட்க வேண்டிய கேள்வி

இப்போது சொல்கிறேன், இந்தக் கதையை ஏன் எடுத்தேன் என்று.

இந்தக் கதையை மேல்தட்டுக்காரர்களும் சொல்வார்கள். பார்த்தாயா, திறமை இருந்தால் எவனும் முன்னுக்கு வரலாம். உனக்குத் திறமையில்லை, அதனால் கீழே கிடக்கிறாய் என்று நீதி சொல்வார்கள். ஏமாந்துவிடாதீர்கள்! இந்தக் கதை சொல்வது அதற்கு நேர் மாறானது.

ஒரு மனிதன், பசி தாங்கி, இரட்டைப் பாடம் படித்து, முதல் மாணவனாகி, கடல் கடந்து பட்டம் பெற்று, ஆக்ஸ்போர்டு மேதையை வென்று, அதற்குப் பிறகும் வேலைக்காகக் கதவு கதவாகத் தட்ட வேண்டியிருந்தது. வெள்ளையனுக்குப் பட்டம் மட்டும் போதும். இவருக்கு அற்புதம் செய்து காட்டினால்தான் நாற்காலி! அப்படியானால் அற்புதம் செய்ய முடியாத, ஆனால் நல்ல இரசாயனக்காரராக, நல்ல மருத்துவராக, நல்ல ஆசிரியராக ஆகியிருக்கக் கூடிய ஆயிரமாயிரம் பேர் என்ன ஆனார்கள்? மாண்ட்கோமரியிலே எட்டாம் வகுப்போடு நின்ற பிள்ளைகள் எத்தனை? ஒன்றரை நாள் பசியிலே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் எத்தனை? ஆசையை வளர்க்காதீர்கள் என்ற கடிதத்தைப் படித்துவிட்டு ஆசையை அணைத்துக் கொண்டவர்கள் எத்தனை? அவர்கள் கண்டுபிடித்திருக்கக்கூடிய மருந்துகள் எங்கே? அந்த நஷ்டத்தைக் கறுப்பர் மட்டுமா சுமந்தார்கள்? மூட்டு முடங்கிக் கிடந்த வெள்ளையனும் அல்லவா சுமந்தான்!

கல்விச்சாலைக் கதவைப் பூட்டுகிறவன், தான் பிறருக்குத் தீங்கு செய்வதாக மட்டும் நினைக்கிறான். தன் நோய்க்கு மருந்து செய்யப் போகிறவனையே வெளியே நிறுத்திப் பூட்டுகிறான் என்பது அவனுக்குத் தெரிவதில்லை.

ஜூலியனின் தாத்தாவுக்கு இரண்டு விரல்கள் போயின. எழுத்து போகவில்லை. அதை மகனுக்குக் கொடுத்தார். மகன் பேரனுக்குக் கொடுத்தான். பேரன் அதைக் கொண்டு, நீண்டு கிடந்த உலகத்தாரின் விரல்களை மடக்கவும் நீட்டவும் வைத்தான். வலியால் கோணிப் போன விரல்கள் அந்த மருந்தால் நிமிர்ந்தபோது, அது எந்த நிறத்து விரல் என்று அவன் கேட்கவில்லை.

மாண்ட்கோமரி ரயிலடியிலே உயர்ந்த கை இன்னும் நம் கண்முன் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. எந்த ஊரிலாவது, எந்தக் குழந்தையாவது, பிறப்பைக் காட்டிப் பள்ளி வாசலிலே தடுக்கப்படுமானால், தோழர்களே, அந்தக் கையை நினைத்துக் கொள்ளுங்கள். அந்தக் குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் செல்லுங்கள்!